கறுப்புத் திரையில் ஒன்பது, கலர் திரையில் எட்டு

மாப்பிள்ளையின் அம்மா இரண்டு கையிலும் இரண்டு காகிதத்தைப் பிடித்துக்கொண்டு எங்கள் கம்ப்யூட்டர் கடை வாசலில் நின்றார். தேவகோட்டையிலிருந்து காலை பஸ்ஸில் வந்திருந்தார். பஸ் தூசி புடவைக் கரையில் அப்படியே இருந்தது.

வலது கையில் இருந்தது கலர். மேலே பிள்ளையார், நாலு பக்கமும் பூக்கொடி, ராசிக் கட்டத்துக்கு மாம்பழ மஞ்சள். இடது கையில் இருந்தது நான் போட்டுக் கொடுத்தது. ஓரமெல்லாம் ஓட்டை போட்ட நீளக் காகிதம், மங்கிப்போன மை, எழுத்தெல்லாம் புள்ளி புள்ளியாக. பார்ப்பதற்குக் கரண்ட் பில் மாதிரியே இருக்கும்.

"இதுல செவ்வாய் எட்டுல இருக்கு. இதுல ஒம்பதுல இருக்கு. பொண்ணும் ஒண்ணு, கடையும் ஒண்ணு. எது தம்பி நெசம்?" என்றார்.

அந்தப் பொண்ணு என் அக்கா.

ஜாதகம் பார்க்காத புண்ணியவான்களுக்காகச் சொல்கிறேன். பெண்ணுக்கு எட்டாம் கட்டம் தாலிக்குரிய கட்டம் என்பார்கள். அங்கே செவ்வாய் உட்கார்ந்தால் கட்டிக்கொள்கிறவன் உயிருக்கு ஆகாதாம். அதே செவ்வாய் பக்கத்துக் கட்டத்துக்குப் போய் ஒன்பதில் உட்கார்ந்தால் பரம சாது. எட்டில் கொலைகாரன், ஒன்பதில் கோயில் பூசாரி. இவ்வளவுதான் விஷயம். இந்த ஒரு கட்டத்துக்காகத்தான் நிச்சயத்துக்கு நாள் பார்க்க வேண்டிய வாரத்தில் அவர் வாசலில் நின்றார்.

போன வாரம் இந்தப் பக்கத்தில் நான் எழுதியதைப் படித்துச் சிரித்தேன் என்று சொன்னவர்கள் இந்த வாரம் என்னை மன்னிக்க வேண்டும். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சூடாகிறது.

தோளுக்குக் கிடைத்த வேலை

கம்ப்யூட்டர் கடையில் எனக்கு எப்படி வேலை கிடைத்தது என்று கேட்காதவர் இல்லை. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்தவன் நான். அப்பா இறந்ததால் படிப்பு நின்றது என்று அம்மா எல்லோரிடமும் சொல்லும். அப்பா இருந்திருந்தாலும் நின்றிருக்கும். கணக்கு வாத்தியாரைக் கேட்டால் தெரியும்.

காரைக்குடியில் தொண்ணூறுகளில் கரண்ட் இருக்கிற நேரத்தைவிட இல்லாத நேரத்தைத்தான் ஜனங்கள் நம்பினார்கள். கடையில் ஒரு ஜெனரேட்டர் இருந்தது. கயிற்றைச் சுண்டி இழுத்தால்தான் கிளம்பும். படித்த பிள்ளைகள் இழுத்தால் கயிறு வரும், சத்தம் வராது. எனக்குத் தோள் கொஞ்சம் அகலம். முதலாளி என்னைத் தெருவில் பார்த்துப் பிடித்து வந்தார். மூளை தேவைப்படாத வேலை என்று சொல்லித்தான் சேர்த்தார். அந்த விஷயத்தில் நான் அவரை ஏமாற்றவில்லை.

அப்புறம் ஒருநாள், மிஷினில் உட்கார்ந்திருந்த பையன் சிங்கப்பூர் போய்விட்டான். நாற்காலி காலி. முதலாளி கடையைச் சுற்றிப் பார்த்தார். நானும் ஜெனரேட்டரும் இருந்தோம். ஜெனரேட்டரை உட்கார வைக்க முடியாது.

கேட்கிற மிஷின்

அது டாஸ் ஓடுகிற மிஷின். கறுப்புத் திரை, ஒரு மூலையில் ஒரு சின்னக் கோடு மினுக் மினுக்கென்று அடித்துக்கொண்டிருக்கும். அவ்வளவுதான். படம் கிடையாது, பாட்டுக் கிடையாது. நீ ஏதாவது சொல்கிற வரைக்கும் அது பாட்டுக்குக் கண் சிமிட்டிக்கொண்டு இருக்கும். தப்பாக அடித்தால் ஒரே வரியில் திட்டும். என் வாத்தியார்களும் அப்படித்தான், ஆனால் இது காதைத் திருகாது.

எனக்கு இங்கிலீஷ் தெரியாது. எழுத்துகளை ஆட்களைப் போல முகம் பார்த்து அடையாளம் வைத்துக்கொண்டேன். யாராவது கடைக்கு வந்தால் டி, ஐ, ஆர் என்று மூன்று கட்டையைத் தட்டி ஓங்கி எண்டரை அழுத்துவேன். திரை முழுக்க எழுத்து கடகடவென்று ஓடும். வந்தவர்கள் வாயைப் பிளப்பார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து கொஞ்சம் பிளப்பேன். அதில் என்ன எழுதியிருந்தது என்று எனக்கும் தெரியாது.

கடையின் பெரிய வியாபாரம் கம்ப்யூட்டர் ஜாதகம். அந்தப் புரோகிராம் ஒரு கேள்வி கேட்கும், பதில் அடிக்கிற வரைக்கும் அடுத்ததுக்குப் போகாது. பேர் என்ன? பிறந்த தேதி? நேரம்? ஊர்? ஊர் சொன்னதும் ஒன்று கேட்கும்: அந்த ஊர்க் கடிகாரக் கணக்கு என்ன, லண்டனுக்கு எத்தனை மணி நேரம் முந்தி? அங்கேதான் நான் முதலில் முழித்தேன். சிங்கப்பூர் போன பையன் திரையின் ஓரத்தில் ஒரு அட்டையை ஒட்டிவிட்டுப் போயிருந்தான். நம்ம ஊர் என்றால் அஞ்சரை. பர்மா என்றால் ஆறரை. மலேசியா, சிங்கப்பூரில் பழைய ஆட்கள் என்றால் ஏழரை. ஏன் என்று எனக்குத் தெரியாது. ஏழரை என்றாலே ஜாதகத்தில் ஆகாத ஒன்றாயிற்றே, மலேசியாக்காரர்கள் என்ன பாவம் செய்தார்கள் என்று கூட நினைத்திருக்கிறேன்.

வேறு ஊர்க் கடைக்காரனுக்கு அந்தக் கேள்வி தொந்தரவு. எங்களுக்கு அதுதான் பிழைப்பு. எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் நாலு பேர் இருந்தால் ஒருத்தராவது கடல் தாண்டிப் பிறந்தவராக இருப்பார். என் அக்காவே ஈப்போ பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தது. அப்பா அங்கே வேலை பார்த்தார். அக்கா நடக்கப் பழகுவதற்குள் குடும்பம் கப்பலேறித் திரும்பிவிட்டது. நான் இங்கே வந்து பிறந்தவன். அதனால்தான் சரக்கு மட்டம் என்று அக்கா சொல்லும்.

கண்ணாடிக் கதவு

முதலாளி மதுரைக்குப் போன ஒரு நாளில் விண்டோஸைப் பார்த்துவிட்டார். திரும்பி வந்தவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அடுத்த மாசமே புது மிஷின் வந்தது. முன்னறைக்குக் கண்ணாடிக் கதவு போட்டு, ஏ.சி. மாட்டி, தேங்காய் உடைத்து, திரையின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். என் டாஸ் மிஷினைப் பின்னால் ஜெனரேட்டர் பக்கத்தில் தள்ளினார்கள். நான் எங்கே இருந்து வந்தேனோ அங்கேயே என்னோடு அதுவும் வந்து சேர்ந்தது.

மௌஸ் என்ற சாமானை முதலாளி ஒருநாள் என் கையில் கொடுத்தார். மேசை முடிந்த பிறகும் நான் அதைத் தள்ளிக்கொண்டே போனேன். அது கீழே தொங்கியது. திரையில் இருந்த அம்பு எங்கேயோ ஓடி ஒளிந்துகொண்டது. "ஒனக்கு ஜெனரேட்டரே போதும்டா" என்றார். எனக்கும் அதுவே சரியென்று பட்டது.

முன்னறைக்கு அருள் என்று ஒரு பையனைக் கொண்டுவந்தார். வேதக்காரப் பையன், அவன் அப்பா வாத்தியார். நல்லவன். ஜாதகம் அச்சடிக்கிறபோதெல்லாம் சிரிப்பான். "எங்க வீட்டுல ஞானஸ்நானம் எப்ப குடுத்தாகன்னு மட்டுந்தான்ணே எழுதி வச்சிருக்காக" என்பான்.

புது ஜாதகப் புரோகிராமையும் பார்த்தேன். கேள்வியே கேட்காது. ஒரே பக்கத்தில் எல்லாப் பதிலையும் அதுவே நிரப்பி வைத்துக்கொண்டு, சரிதானே என்பதுபோல நிற்கும். பேரையும் தேதியையும் நேரத்தையும் ஊரையும் மட்டும் மாற்றிவிட்டு அழுத்தினால் பிள்ளையார் வந்துவிடுவார். ஜனங்களுக்கு அதுதான் பிடித்தது. எனக்கு அன்றைக்குப் பிடிக்காதது இன்றைக்கும் பிடிக்கவில்லை. தெரியாததைக் கேட்கிறவனோடு நான் குடும்பம் நடத்துவேன். கேட்காமலே எனக்கு எல்லாம் தெரியும் என்று நிற்கிறவனைக் கண்டால் கை துறுதுறுக்கும்.

செவ்வாயை நகர்த்தியவன்

அக்காவுக்கு ஜாதகம் நான்தான் போட்டேன், டாஸில். செவ்வாய் ஒன்பதில் இருந்தது. மாப்பிள்ளை வீட்டில் ஜோசியரைக் கொண்டு பொருத்தம் பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். அக்கா ஒரு மாதிரி சந்தோஷமாக இருந்தது. எங்கள் வீட்டில் சந்தோஷத்தைச் சொல்லிக்கொள்ள மாட்டார்கள். குழம்பில் உப்பு சரியாக இருந்தால் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும்.

அதற்குப் பிறகுதான் அந்த அம்மாவுக்கு ஆசை வந்தது. கரண்ட் பில்லைச் சாமி அறையில் வைக்க முடியுமா? கலரில் ஒன்று போட்டு வைத்தால் அழகாக இருக்குமே என்று எங்கள் கடைக்கே வந்திருக்கிறார். நான் அன்றைக்குச் சாக்கோட்டையில் ஒரு ஆபீசுக்குப் பிரிண்டரைத் தூக்கிக்கொண்டு போயிருந்தேன். அருள் விவரத்தை வாங்கி அழுத்திக் கொடுத்துவிட்டான். பிள்ளையார் வந்தார். எட்டில் செவ்வாயும் வந்தது.

மறுநாள்தான் அவர் இரண்டு காகிதத்தோடு வாசலில் நின்றது. இரண்டையும் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எது நெசமென்று எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

"நீதான பொண்ணோட தம்பி? ஒங்கையிலதான மிஷினு இருந்துச்சு?" என்றார். கோபப்படவில்லை. அதுதான் எனக்குச் சுருக்கென்றது. "அக்கா மேல பாசந்தான். இல்லங்கல. அதுக்காகச் செவ்வாயத் தள்ளி வைக்கலாமா தம்பி?"

கிரகத்தை நகர்த்துகிற கெட்டிக்காரத்தனம் இருந்திருந்தால் நான் ஒன்பதாம் வகுப்பை நகர்த்தியிருக்க மாட்டேனா? இதை அவரிடம் சொல்லவில்லை. வீட்டுக்குப் போகிற வழியில்தான் வாய்க்கு வந்தது.

தாயும் பிள்ளையும் சேர்ந்து பொய் ஜாதகம் போட்டோம் என்று சாயங்காலத்துக்குள் தெரு பேச ஆரம்பித்துவிட்டது. தண்ணீர்க் குழாயில் நின்றவர்கள் அம்மாவைப் பார்த்துப் பேச்சை நிறுத்தினார்கள். கலர் காகிதம் ஒருத்தரைக் கூட யோசிக்க விடவில்லை. கம்ப்யூட்டர் பொய் சொல்லாதாம். என் மிஷினும் கம்ப்யூட்டர்தானே என்று கேட்டேன். அது பழசுப்பா என்றார்கள். பழசானால் பொய் சொல்லும் என்று எந்த ஊரில் எழுதி வைத்திருக்கிறான்?

சங்கு ஊதின நேரம்

அருள்தான் கண்டுபிடித்தான். இரண்டு மிஷினிலும் அக்கா விவரத்தை மறுபடியும் போட்டுப் பார்த்தான். கண்ணாடி அறையின் திரையில் ஒரு மூலையில் விரலை வைத்தான். ஊர் ஈப்போ என்று சரியாக இருந்தது. பக்கத்தில் கடிகாரக் கணக்கு நம்ம ஊர் அஞ்சரையிலேயே நின்றுகொண்டிருந்தது. அந்தப் புரோகிராம் அதைத் தானாகவே நிரப்பி வைத்திருந்தது. யாரையும் கேட்கவில்லை. இரண்டு மணி நேரம் தள்ளிப் போய், லக்னம் ஒரு கட்டம் நகர்ந்து, செவ்வாய் எட்டில் விழுந்துவிட்டது.

"இது விண்டோஸ் தப்பு இல்லண்ணே. ஜாதகப் புரோகிராம் எழுதுனவன் தப்பு. பாக்காம அழுத்துனது என் தப்பு" என்றான். முகம் சுண்டிவிட்டது. நானே வந்து சொல்கிறேன் என்றான். எனக்கு அவன் மேல் கோபம் வரவில்லை. ஆனால் விண்டோஸை நான் அன்றைக்கு மன்னிக்கவில்லை. அந்த வித்தியாசமெல்லாம் படித்தவர்களுக்கு.

முதலாளியிடம் இரண்டு பேரும் போனோம். அவர் கேட்டுக்கொண்டார். புரிந்தும்விட்டது. புரிந்ததால்தான் கதவைச் சாத்தினார்.

"புது மிஷின் தப்பாப் போட்டுச்சுன்னு என் வாயால எப்புடிறா சொல்றது? ஊரு பூராம் குடுத்திருக்கேன். ஒவ்வொருத்தனா வந்து நின்னா நான் எங்குட்டுப் போறது?" என்றார். கண்ணாடி வழியாக வெளியே ஒரு தடவை எட்டிப் பார்த்தார். "ஒங்க ஆத்தா நேரத்த மாத்திச் சொல்லிருச்சுன்னு சொல்லிரு. வயசானவுக, மறந்துட்டாகன்னா யாரு என்ன சொல்லப் போறா? நானே கலர்ல திருத்தி ஒண்ணு போட்டுத் தாரேன்."

ஜெனரேட்டர் கயிறு கையில் இல்லாதது அவர் நல்ல நேரம்.

வீட்டில் சொன்னேன். அம்மா அதுவரைக்கும் அழுதுகொண்டிருந்தது, சட்டென்று நிறுத்திவிட்டது. தோட்டத்தில் விடியற்காலை ஆளெடுக்கச் சங்கு ஊதுவார்களாம். "சங்கு ஊதுச்சு, இவ கத்துனா. ரெண்டும் ஒண்ணா. ஒங்கப்பா பேர் குடுக்கப் போகாம வாசல்ல நின்னாரு. எனக்கா மறந்துபோச்சு?" என்றது.

அக்கா பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் எஸ்.டி.டி. பூத்தில் வேலை பார்த்தது. மலேசியாவுக்குப் பேச வருகிறவர்களுக்கு அங்கே இப்போது மணி என்ன என்று சொல்வதே அதற்குப் பாதி வேலை.

"அங்க ஒரு மணி, இங்க ஒரு மணின்னு பூத்துக்கு வர்ற அத்தன பேருக்கும் தெரியும். ஒங்க மொதலாளிக்கு மட்டும் தெரியாதாக்கும்" என்றது. "அம்மா தலையில பழியப் போட்டு எனக்கு ஒரு கலர் காகிதம் வேணாம்."

பெஞ்சில் உட்கார்ந்த அக்கா

மறுநாள் காலை நான் போனபோது கடை வாசல் பெஞ்சில் அக்கா உட்கார்ந்திருந்தது. ஜாதகம் போட வந்தவர்கள் கூடவே உட்கார்ந்திருந்தார்கள். அக்கா ஒவ்வொருத்தரிடமும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தது: நீங்கள் பிறந்தது எந்த ஊர்? உள்ளூர் என்றால் தாராளமாக உள்ளே போங்கள். கடல் தாண்டி என்றால், உள்ளே ஒரு கடிகாரம் தப்பாக ஓடுகிறது, அதைச் சரிபண்ணின பிறகு வாருங்கள்.

ரங்கூனில் பிறந்த ஒருத்தர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். முன்னாலேயே வாங்கிப் போன ஒருத்தர் திரும்பி வந்து கண்ணாடிக் கதவைத் தட்டினார். முதலாளி வெளியே வந்தார்.

"என்ன ஆத்தா, வாசல்ல ஒக்காந்து யாவாரத்தக் கெடுக்குற?"

"நீங்க எங்க பொறந்தீக மொதலாளி?" என்றது அக்கா.

"பினாங்குல" என்றார். அதைச் சொல்லும்போது அவருக்கு எப்போதுமே நெஞ்சு ஒரு விரற்கடை நிமிரும். நிமிர்ந்தது அப்படியே நின்றுவிட்டது.

புது மிஷினில் முதன்முதலில் அச்சடித்தது அவருடைய ஜாதகத்தைத்தான். கண்ணாடி உறை போட்டு மேசைக்கு மேலே மாட்டியிருந்தார். அதில் தண்ணீரில் கண்டம் என்று போட்டிருந்தது. தினமும் ஊருணியில் நீச்சலடித்த மனுஷன், அன்றிலிருந்து வீட்டில் வாளியில் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தார். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பி அந்த உறையைப் பார்த்தார்கள். அவரும் பார்த்தார்.

என்னைப் பின்னால் கூப்பிட்டுக்கொண்டு போய், "பழசுல என்னோடத ஒண்ணு போடு" என்றார். போட்டேன். ஏழரை என்று அடித்தேன். தண்ணீர்க் கண்டத்தைக் காணோம்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "வாடா, தேவகோட்டைக்குப் போவோம்" என்றார். என் அக்காவின் தாலிக்கு அசையாதவர், தன் குளியலுக்கு அசைந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் நல்லது நடக்கப் போகிறது என்பதுகூட இனிக்கவில்லை.

மூணாவது மிஷின்

அவர் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போனேன். ஒன்று சொல்ல வேண்டும், போன இடத்தில் அவர் மழுப்பவில்லை. தப்பு எங்கள் கடையுடையது, இந்தப் பையனும் அவன் அம்மாவும் சொன்னதுதான் சரி என்று கைகூப்பிச் சொன்னார். அந்த அம்மா காப்பி கொடுத்தார். மாப்பிள்ளை ஊஞ்சலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

அந்த அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "பழசும் ஒங்க மிஷினு, புதுசும் ஒங்க மிஷினு. முந்தாநேத்து அது நெசம்னீக. இன்னைக்கு இது நெசங்கிறீக. எங்களுக்கு எப்புடித் தெரியும்? மதுரையில இதவிடப் பெருசா ஒரு மிஷினு வந்திருக்காம். மூணாவதா அதுல ஒரு தடவ பாத்துருவோம். அது சொல்றதுதான் முடிவு."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். அவர் பேப்பரின் அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

சாயங்காலம் பூத்துக்குப் போய் அக்காவிடம் சொன்னேன். மதுரை மிஷினிலும் ஒன்பதுதான் வரும், அருளைக் கூடவே அனுப்பலாம், நாலு நாளில் முடிந்துவிடும் என்றெல்லாம் அடுக்கினேன். அக்கா கேட்டுக்கொண்டே ஒருத்தருக்குக் கோலாலம்பூர் போட்டுக் கொடுத்தது.

"அவுக என்ன சொன்னாக?" என்றது.

"யாரு, அந்தம்மாவா? அதான் சொன்னேனே."

"அவுக இல்ல."

எனக்குப் புரிந்தது. "ஒண்ணும் சொல்லல. பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தாரு" என்றேன்.

கண்ணாடிக் கூண்டுக்குள் பேசிக்கொண்டிருந்தவர் முடித்து வெளியே வரும்வரை அக்கா மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் போன பிறகு சொன்னது: "மதுரைக்கெல்லாம் போக வேணாம். அவுக வீட்டு ஜாதகம் நம்மகிட்ட ஒண்ணு இருக்குல்ல, அதக் கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்துரு."

எனக்கு அக்கா மேலேயும் கோபம் வந்தது. ஒரு கட்டத்தைத் தாண்டிவிட்டோம், இன்னும் ஒரே ஒரு பஸ் தூரம், இப்போது போய் இப்படிச் சொல்கிறதே என்று. அம்மாவைக் கொண்டு சொல்லிப் பார்த்தேன். அம்மா அக்கா முகத்தைப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளையின் ஜாதகத்தைச் சாமி மாடத்திலிருந்து எடுத்து என் கையில் கொடுத்தது.

மறுநாள் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, என்னென்ன கேட்க வேண்டும் என்று வழிநெடுக மனசுக்குள் சண்டை போட்டுக்கொண்டே போனேன். மிஷினைக் கேட்கத் தெரிந்தவர்களுக்கு ஊஞ்சலில் இருக்கிற பிள்ளையைக் கேட்கத் தெரியாதா என்று கேட்க வேண்டும். என் அம்மாவைப் பொய்க்காரி என்று தெரு பேச வைத்ததற்கு யார் பதில் சொல்வது என்று கேட்க வேண்டும். நல்ல நல்ல வார்த்தையாகச் சேர்த்து வைத்திருந்தேன்.

அந்த அம்மா கதவைத் திறந்தார். நான் காகிதத்தை நீட்டினேன். மஞ்சள் தடவின மூலையைப் பார்த்ததும் என்ன என்று புரிந்துவிட்டது. உள்ளே ஊஞ்சல் சங்கிலிச் சத்தம் நின்றது.

"ஏந்தம்பி, பொண்ணுக்கு எங்க மேல அவ்வளவு கோவமா?" என்றார்.

காகிதத்தை அவர் கையில் வைத்தேன்.

"கோவமெல்லாம் எனக்குத்தாங்க" என்றேன். "அக்கா கோவப்படல. வேணாம்னு மட்டுந்தான் சொல்லுச்சு."